மூன்று நாள் வைரம்

நான்காவது மோதிரத்தையும் அவள் விரலிலேயே மாட்டிப் பார்த்தார்கள்.

மோதிரம் அவளுக்கன்று. நாத்தனார் சாருமதிக்கு நிச்சயதார்த்தம். மணப்பெண் புனேயில் வேலையில் இருந்தாள். இருவருக்கும் விரலளவு ஒன்று.

நகைக்கடைக்காரர் பொறுமையாக விளக்கினார்.

வடிவம் வேறு, பட்டை வேறு. வட்டம், சதுரம், நீர்த்துளி என்பவை வடிவங்கள். கல்லின் முகங்களை எந்தக் கோணத்தில் தீட்டியிருக்கிறார்கள் என்பதே பட்டை. பட்டை சரியாக அமைந்த கல், உள்ளே புகுந்த ஒளியை மேல்நோக்கியே திருப்பி அனுப்பும். அமையாத கல்லில் ஒளி அடிவழியே கசிந்துவிடும். எத்தனை பெரிதாயினும் அது இருண்டு கிடக்கும்.

மாமியார் நீர்த்துளியைக் கையில் எடுத்தாள்.

"இதுதான் எடுப்பா இருக்கு. சம்பந்தி வீட்ல நாலு பேர் பார்க்கணும்ல?"

சாருமதி காலையிலேயே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அம்மா பெருசைத்தான் எடுப்பாங்க, நீங்க பார்த்து எடுங்க அண்ணி, உங்களுக்குப் பிடிச்சா எனக்குப் பிடிக்கும்.

"அந்தக் கூர்முனை எதுலயாவது இடிச்சா உடைஞ்சிடும் அத்தை. நடுவுல கறுப்பா நிக்குது பாருங்க. இந்த வட்டக்கல் நல்லா இருக்கே."

கடைக்காரர் அவளைச் சற்று வியப்போடு நோக்கினார்.

வட்டக்கல் முடிவாயிற்று.

ஆனால் அந்தக் குடும்பத்தில் வைரத்தைப் பார்த்தவுடன் வாங்குவதில்லை. மூன்று நாள் வீட்டில் வைத்திருப்பார்கள். தீங்கு ஒன்றும் நேராவிட்டால் கல் ஒத்துக்கொண்டது என்று பொருள். நேர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தெரிந்த கடையாதலால் கடைக்காரரும் அதற்கு இசைந்தார்.

காரில் ஏறியதும் மாமியார் பெட்டியை அவள் மடியில் வைத்தாள்.

"பூஜை அலமாரியில வெச்சா வீட்ல எல்லார் மேலயும் படும். நீ போட்டுக்கோ. பிள்ளையா குட்டியா, உனக்கு என்ன ஆயிடப் போகுது?"

முன்னிருக்கையில் கணவன் பக்கக் கண்ணாடியைத் திருத்திக்கொண்டான்.

ஒன்பது ஆண்டுகளாக இத்தகைய சொற்களை அவள் கேட்டு வருகிறாள். இம்முறை உள்ளுக்குள் சிரித்தாள்.

நாள் தள்ளிப் பதினெட்டு நாளாகியிருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்திருந்தன. இன்னும் சில நாள் போகட்டும் என்று கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை.

மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள். கல் கெடுக்கும் என்பதை அவள் என்றும் நம்பியதில்லை.

முதல் நாள், அதே கையால் அரிசி களைந்தாள். துணி மடித்தாள். யாரும் பாராதபோது விரலைச் சன்னல் பக்கம் நீட்டினாள்.

ஒளி முழுவதும் திரும்பி வந்தது.

இரண்டாம் நாள் இடுப்பு வலித்தது.

மூன்றாம் நாள் முற்பகலில், குளியலறையில், எல்லாம் முடிந்துபோயிற்று.

குழாயைத் திறந்தாள். தன் குரல் வெளியே கேளாதபடி முழுவதும் திறந்தாள். தரை வெளுக்கும்வரை நீர் ஊற்றினாள். அரைமணி நேரம் ஆயிற்று. யாரும் கதவைத் தட்டவில்லை.

சேலை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமியார் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து நிறுத்தியிருந்தாள். திரையில் சாருமதி, கழுத்தில் அலுவலக அட்டை.

"அண்ணி! மூணு நாள் ஆச்சே. கல்லு என்ன சொல்லுது? ஒத்துக்கிச்சா?"

"அவளையா கேக்கறே? குத்துக்கல்லாட்டம் நிக்கிறா பாரு," என்றாள் மாமியார். பிறகு அவளை ஏறிட்டு, "ஏதாவது ஆச்சாடி? ஆயிருந்தா இப்பவே சொல்லிடு. சின்னஞ்சிறிசு போட்டுக்கப் போறது."

ஒரு சொல் போதும். மாலைக்குள் கல் கடைக்குத் திரும்பிவிடும்.

சாருமதி சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். அந்த வீட்டில் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி வந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் மோதிரத்தைக் கழற்றினாள். விரல் குளிர்ந்திருந்தது, எளிதாக வந்தது. முந்தானையால் ஒருமுறை துடைத்து, திரைக்கு அருகே பிடித்துக் காட்டினாள்.

"ஒரு குறையும் இல்லை, சாரு. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."