பனிமலைக்கு முன்னால் குணநாயகம்

மெரிலேண்ட்ஸ் வீட்டு ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினியர் குணநாயகம் தன் தென்துருவக் கப்பல் பயணத்தின் ஸ்லைடுகளை விருந்தினருக்குச் சுவரில் காட்டிக்கொண்டிருக்கிறார். புரொஜெக்டர் உறுமுகிறது, சூடேறிய தூசி மணக்கிறது. நீலப் பனிமலை வருகிறது, அதன் முன்னால் இடுப்பில் கைவைத்தபடி அவர். சின்னக் கப்பல் வருகிறது, அதை மறைத்துக்கொண்டும் அவர். அந்தப் பனி முழுவதையும் தானே உறைய வைத்ததுபோல் ஒரு நிற்பு. குசினி வாசலில் தேநீர்த் தட்டோடு நிற்கும் மனைவி தவமலர், சுவர் நிறைந்த அந்தத் தொப்பையைப் பார்த்து உதட்டைச் சுழிக்கிறாள். அடுத்த படத்தில், செத்த குஞ்சருகே ஒரு பென்குயின். "பாருங்கோ, தாய் விலகவேயில்லை. எனக்கு அழுகை வந்திட்டுது," என்கிறார். விருந்தினர் உச்சுக்கொட்டுகிறார்கள். நிறைமாதத்திலிருந்த தவமலர் போகவேண்டாம் என்று கெஞ்சியும் கப்பலேறியவர் அவர். இந்தப் படம் பிடித்த வாரத்தில்தான் பரமட்டா ஆஸ்பத்திரியில் அவர்களுடைய குழந்தை பிறந்து, அழாமலே இறந்துபோனது. தவமலர் விளக்கைப் போடுகிறாள். சுவரில் பென்குயின் வெளிறிப்போகிறது. "என்னப்பா, இன்னும் படம் இருக்கு!" என்கிறார் அவர். அவள் அவரைப் பார்க்காமல் விருந்தினரிடம் தட்டை நீட்டுகிறாள். "எங்கட பிள்ளைக்கு இவர் இன்னும் அழேல்லை. தேத்தண்ணி ஆறுது, எடுங்கோ."