டிஸ்குவிலமசைஸ்

“இதையா படிக்கிற மாதிரி ஆக்கிட்டேன்னு சொல்றே? நேத்தும் குப்பை, இன்னைக்கும் குப்பை!”

மேலாளர் ரூபர்ட் திரையை விரலால் குத்தினார்.

பாங்கர் டவுன் பஸ்களுக்கு ‘இப்போ கிளம்பு’ என்று சொல்லும் புரோகிராம் அது. எழுதிய எலினெத் வேலையை விட்டுப் போயாச்சு. அவள் எழுதிய அசல் இருந்த கணினியும் தண்ணீர் புகுந்து செத்தாச்சு. மிச்சம் இருப்பது இயந்திரத்துக்கு மட்டும் புரிகிற வடிவம். அதில் ஃபங்ஷன்கள் எனும் கட்டளைத் துண்டுகளின் பெயரெல்லாம் எண்ணும் எழுத்துமாகச் சிக்கிக் கிடக்கும். சிக்கெடுக்க கெத்தின் ஒரு கருவி செய்திருந்தான். அவன் வேலை நிரந்தரமாவதே அதை நம்பித்தான் இருந்தது.

“டிஸ்குவிலமசைஸ்! இது ஒரு பேரா? பல் செட்டைக் கழட்டி வெச்சுட்டுப் பேசின மாதிரி இருக்கு. உன் கருவி தண்டம்!”

“கருவி சரியாத்தான் இருக்கு ரூபர்ட். அது வெல்ஷ் மொழி.”

ரூபர்ட் இங்கிலாந்துக்காரர். வேல்ஸுக்கு வந்து ஒரு வருஷமாகப் போகிறது. வெல்ஷில் ‘நன்றி’கூடத் தெரியாது.

“என்ன அர்த்தம்?”

“காத்திருன்னு...” மீதியை இருமலில் விழுங்கினான் கெத்தின்.

“பார்த்தியா! பஸ் நேரப் பதிவைப் பார்த்தேன், பாலத்து ஸ்டாப்புல தினம் காலைல ரெண்டு நிமிஷம் தண்டமா நிக்குது. சோம்பேறி எலினெத் பண்ண வேலை!”

“பயணிங்க யாரும் புகார் சொல்லலையே?”

“சொரணை இல்லாதவங்க! நானும் அங்கதான் ஏறுறேன். மூச்சு வாங்க ஓடி வந்தாவது பிடிச்சிடுவேன். ஒரு நாள் விட்டிருக்கேனா? அந்த ஃபங்ஷனைத் தூக்கு. நாளைக்கு நானே பார்ப்பேன். பஸ் நின்னுச்சு, உன் வேலை போச்சு!”

அவர் போனதும் எதிர் மேசை நெரிஸ் எட்டிப் பார்த்தாள்.

“அந்த ஆளு சொன்ன லட்சணத்துல ஒண்ணும் புரியலை. என்னடா பேரு?”

“‘இங்கிலீஷ்காரருக்காகக் காத்திரு.’”

நெரிஸ் குடித்த டீ கீபோர்டில் தெறித்தது.

மறுநாள் ரூபர்ட் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

“சபாஷ் கெத்தின்! நான் ஏறின அடுத்த நொடி பஸ் கிளம்பிடுச்சு. ஒரு நொடி நிக்கலை! உன் வேலை நிரந்தரம்யா!”

“நன்றி ரூபர்ட்.”

அந்த ஃபங்ஷனை கெத்தின் தொடவே இல்லை.