நடுக்கடலில் இரண்டு கொடிகள்

வாழ்க்கைத் தரத்தில் தங்கள் நாடு எதிர்த்தீவு நாட்டை முந்திவிட்டதென்று துறைமுகத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். அதன் அடியில்தான் ரொசாலியா தன் நிறைமாத மகளைப் படகில் ஏற்றினாள். முந்தின நாளே இடுப்புவலி கண்டுவிட்டது. புது ஆஸ்பத்திரியில் பளிங்குத் தரை இருந்தது, டாக்டர் இல்லை. எதிர்த்தீவில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்றார்கள். பாதிக் கடலில் எதிரே ஒரு படகு வந்தது. அதிலும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் அவள் மாமியார்.

“எங்க போறீங்க?” என்று கத்தினாள் ரொசாலியா.

“உங்க தீவுக்குத்தான். பெரிய ஆஸ்பத்திரி கட்டியிருக்காங்களாமே?”

“கட்டடம் மட்டுந்தான் இருக்கு. உங்க டாக்டர நம்பியில்ல நாங்க வாறோம்!”

“அவரு ஊர விட்டுப் போயி ஆறு மாசமாச்சு. எங்க ஊர்லயும் தோரணம் கட்டியிருக்கானுங்க, உங்கள முந்திட்டோம்னு.”

ரொசாலியாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மகள் அலறினாள், பிள்ளையின் தலை தெரிந்துவிட்டது. ரொசாலியா இரண்டு படகுகளையும் சேர்த்துக் கட்டச் சொன்னாள். கொண்டுவந்த துணியெல்லாம் அலையில் நனைந்து கிடந்தது. படகின் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“அந்தக் கொடியக் கழட்டு.”

படகோட்டி பதறினான். “அம்மா, அது நாட்டுக் கொடி.”

“தெரியுது. இத்தன நாளா காத்துல ஆடுனதத் தவிர அது என்னத்தக் கிழிச்சுச்சு? கழட்டுடா!”

கொடியை மகளின் கால்மாட்டில் விரித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, எதிர்ப்படகில் அந்த மாமியார் தங்கள் கொடிக்கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.