மரத்தூள்

கிடர்பூரில் இருந்த அந்தக் கிடங்கில் எண்ணெய் சிந்தினால் மேலே மரத்தூளைக் கொட்டுவார்கள். யாரும் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு அதிகாரி சேஷாத்ரியின் பொறுப்பு. தொண்ணூற்றேழு மழைக்காலத்தில் ஒரு காலை, காய்ந்த தரையில் மரத்தூள் பரப்பியிருந்தது.

"யார் போட்டது?"

"ஆமி நா, ஸார்," என்று வங்காளியில் மறுத்துக் கையை விரித்தார் துப்புரவுத் தொழிலாளி பிஜோய்.

பெருக்கித் தள்ளச் சொன்னார் சேஷாத்ரி. மதியம் அதே இடத்தில் ஒரு பீப்பாய் கசிந்தது. மூட்டையோடு வந்தவர் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் எடைமேடை அருகே மரத்தூள் கிடந்தது. இந்த முறை பெருக்க விடவில்லை. மாலையில் சரியாக அங்கேதான் கூரை ஒழுகியது. யாரும் விழவில்லை.

அதன்பிறகு யார் போடுகிறார்கள் என்று அவர் கேட்பதே இல்லை. காலையில் வந்ததும் மரத்தூள் கிடக்கும் இடத்தைத் தேடிப்பிடித்துச் சுற்றிலும் கயிறு கட்டிவிடுவார். விபத்தே இல்லாத கிடங்கு என்று மேலிடம் பாராட்டியது. பாராட்டு யாருக்குக் கசக்கும்?

துர்கா பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை அலிப்பூர் வீட்டுக்குத் திரும்பினார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாசலிலேயே மனைவி நாகலக்ஷ்மி துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"ஏன்னா, உங்க செருப்புல ஒட்டிண்டு வந்துதா? மாடிப்படியெல்லாம் ஒரே மரத்தூள். இப்பத்தான் சுத்தமா பெருக்கித் தள்ளினேன்."

பிரசவத்துக்கு வந்திருந்த மகள், மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள்.

"அப்பா வந்தாச்சா? இதோ வரேன்!"

நனைந்த படியில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது.