முதல் வெட்டு

"தீவாளிக்கு லீவா? அப்ப கடைய யார் பாக்கிறது?" என்று தனபாலனின் வாயை அடைத்தார் முதலாளி.

பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து மனைவி போனில் சொன்னாள்: "புள்ள புதுச் சட்டையோட வாசல்லயே நிக்குதுங்க."

தனபாலன் போனை வைத்தான். இரண்டு கையிலும் இரும்புத் தகடுகளை எடுத்தான்.

முதல் வெட்டு முதலாளியின் கழுத்துக்கு. அடுத்தது, லீவு இல்லை என்ற அந்த வாய்க்கு. பிறகு கை, கால், குடல் என்று ஒன்றையும் விடவில்லை. வெறி அடங்கும்வரை கொத்தினான். சத்தம் கண்டி பஸ் நிலையம் வரை கேட்டது. தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால், முதலாளி.

"இப்பிடி ஒரு கொத்து ரொட்டிய கண்டியிலயே எவனும் போட்டதில்லப்பா. சனம் வரிசையில நிக்குது. பொங்கலுக்கும் ஒன்ன விடமாட்டேன்."