அசையாத பொருள்

பூங்காவனம் விளக்குமாற்றால் அந்த எந்திரத்தை அடித்தாள். முற்றத்துக் குப்பையை அள்ள ஒரு கம்பெனி வீட்டுக்கு ஒன்றாக விட்டிருந்த சனியன், பக்கவாதத்தில் கிடந்த அவள் கணவனைக் கட்டிலோடு குப்பை வண்டிக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

"அசையாமக் கெடந்தா அது குப்பைன்னுதாம்மா எடுக்கும். அடிக்கடி நகத்தி வைங்க," என்றான் கம்பெனிக்காரன் போனில்.

"ஒங்கப்பன நகத்துடா!"

திட்டினாளே தவிர, நகர்த்தாமல் இருக்க முடியவில்லை. வேப்பமரத்தடி, கிணற்றடி, வைக்கோல்போர் என்று பகலெல்லாம் கட்டிலை இழுத்தாள். சாயங்காலம் உடம்பு ஓய்ந்து, கட்டில் காலில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

பாதத்தில் ஏதோ உரசியது. எந்திரம் எதிரே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

காலையில் அதை அடித்த கையைத் தூக்கி, அவசர அவசரமாக ஆட்டிக் காட்டினாள்.