விளையாட்டு ஓடாத லேப்டாப்

கார் சுவரில் போய் மோதி நின்றது. கேரண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"செத்துட்டானா?" என்று மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே கேட்டார் கணக்குத் துறைத் தலைவி.

"ஆள் காலி, மேடம்." சொல்லும்போதே அவன் வாயெல்லாம் பல்.

கார் ஓடியது லேப்டாப் திரையில். ஓட்டியவர் கல்லூரி முதல்வர்.

கேரண்டி, ஒரு கம்ப்யூட்டர் கடையின் விற்பனையாளன். எதைக் கேட்டாலும் "கேரண்டி சார்" என்பான். கடையில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. விற்பனைதான் நிலைக்கவில்லை. இந்த ஆர்டரும் கைநழுவினால் திங்கட்கிழமை கடைப்பக்கம் வர வேண்டாம் என்று முதலாளி காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

கல்லூரி கேட்டது விசித்திரமான சரக்கு. மாணவர்களுக்குக் கொடுக்கப்போகிற லேப்டாப்பில் படிப்பு வேலை அத்தனையும் ஓட வேண்டும். விளையாட்டு மட்டும் ஓடக் கூடாது. கடையில் அவ்வளவு எண்ணிக்கையில் இருந்ததோ ஒரே ஒரு மாடல். அது இரண்டுக்கும் பேர்போனது.

கேரண்டி என்ன செய்வான்? கல்லூரி வாசலில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் லேப்டாப்பைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டை செட்டிங்ஸில் போய் அணைத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாடியேறினான். அது இல்லாவிட்டாலும் படிப்புக்குக் குறைவில்லை. கார்தான் நொண்டும்.

முதல்வர் லேசுப்பட்டவர் அல்ல. 'ஒளித்திரையும் ஒழுக்கமும்' என்று ஒரு புத்தகம் எழுதி, புதிதாகச் சேருகிற ஒவ்வொரு மாணவன் தலையிலும் கட்டுகிறவர். வளாகத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாடுவோர் இடைநீக்கம் செய்யப்படுவர் என்று கழிப்பறைச் சுவர் வரைக்கும் எழுதி வைத்தவர்.

"இன்னொரு தடவை போடுங்க தம்பி," என்றார். "வாழ்க்கையில இந்தக் கருமத்தைத் தொட்டதில்ல. ஆனாலும் பொறுப்புன்னு ஒண்ணு இருக்கே."

எந்த விசை எதற்கு என்று கேரண்டி நினைவூட்ட வாயெடுத்தான். அதற்குள் அவருடைய இடது கை விரல்கள் உரிய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. டைப்ரைட்டிங் பழகிய கை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கார் நகர்ந்தது. நின்று யோசித்தது. மறுபடி நகர்ந்தது.

"நம்ம காலேஜ் பஸ் மாதிரியே போகுது சார்," என்றார் துறைத் தலைவி. முதல்வர் பார்த்த பார்வையில் அவர் சட்டென்று கேரண்டி பக்கம் திரும்பினார். "பசங்க ஏதாவது தில்லுமுல்லு பண்ணி இதை ஓட வச்சிருவாங்களா?"

"சான்ஸே இல்ல மேடம். கேரண்டி."

"அப்ப இதையே வாங்கிடலாம் சார். எனக்குத் தலை சுத்துது."

முதல்வர் லேப்டாப்பைத் தூக்கிக் கையில் கனம் பார்த்தார். திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினார். பிறகு துறைத் தலைவியைப் பார்த்தார். "உங்களுக்கு வகுப்பு இருக்குல்ல? நீங்க கிளம்புங்க. தம்பிகிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும்."

அவர் போனதும் முதல்வர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

"அடியில இவ்வளவு ஓட்டை எதுக்கு வச்சிருக்கான்?"

"காத்து போக சார்."

"இந்தக் கனம் எதுக்கு?"

"உறுதிக்கு சார்."

"இவ்வளவு நேரம் கார் ஓட்டியிருக்கேன். கொஞ்சமாவது சூடாகியிருக்கா? ஃபேன் சத்தம் கேட்டுச்சா?" முதல்வர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, என் சர்வீஸ்ல எத்தனை பிட்டு பிடிச்சிருப்பேன் தெரியுமா? இதுல என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

கேரண்டி பேச முயன்றான். கேரண்டி என்ற சொல்கூட வரவில்லை. "கிராபிக்ஸை அணைச்சு வச்சிருக்கேன் சார். கம்பெனிக்காரன் மேல தப்பில்ல, கடை மேலயும் தப்பில்ல. நான்தான். இந்த வேலையும் போச்சுன்னா வீட்டுக்குள்ள தலைகாட்ட முடியாது சார்."

"அந்த கிராபிக்ஸை மறுபடி போடுங்க."

"சார்..."

"போடுங்கன்னேன்."

செட்டிங்ஸில் போய்ப் போட்டான். முதல்வர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை கார் வழுக்கிக்கொண்டு பறந்தது. மோதிய சுவரைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, முன்னால் போன அத்தனை பேரையும் முந்திக்கொண்டு போனது. ஃபேன் உறுமியது. முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆதாரம் முழுசாகச் சிக்கிவிட்டது என்று தெரிந்தது கேரண்டிக்கு. அடுத்தது முதலாளிக்குத்தான் போன். லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எப்போது மூடுவார் என்று நின்றான்.

முதல்வர் மூடினார். ஆர்டர் தாளை இழுத்து, பேனாவைத் திறந்து, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். கேரண்டிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பசங்களுக்கெல்லாம் அணைச்சே கொடுங்க," என்றார் முதல்வர், அவன் முகத்தைப் பார்க்காமல். "என் ரூமுக்கு வர்றதுல மட்டும் கை வச்சிராதீங்க."